கணுக்கால் பிடி

கணுக்கால் சுளுக்கிய ஒருத்தி, கணுக்கால் பிடிப்பதில் பேர்போன ஒருத்தியிடம் பாடம் கேட்கப் போனாள்.

சுளுக்கியவள் பெயர் இசக்கியம்மாள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை எடுத்துப் போடுகிற வேலை. சாயங்காலமானால் கபடி. நடுக்கோட்டைத் தாண்டி எதிரணிக்குள் பாடிப் போவதில் அந்தத் தேரிக்காட்டுப் பக்கம் அவளுக்கு நிகரில்லை. இரண்டு பேர் கைகோத்து மறித்தால் கோத்த கைக்கு மேலே துள்ளித் தாண்டிவிடுவாள். அதைப் பார்க்கவென்றே கூட்டம் வரும்.

அப்படித் தாண்டிய ஒரு நாள், எதிராளியின் பாதத்தின் மேல் போய் இறங்கினாள். வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. சடக்கென்று ஒரு சத்தம். அன்று சாயங்காலமே கணுக்கால் பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது.

எலும்பு முறியவில்லை, நார்தான் பிய்ந்திருக்கிறது என்றார் டாக்டர். ஐஸ் வைக்கச் சொன்னார். கட்டுப் போட்டார். வீக்கம் வடிந்ததும் பயிற்சிக்கு வா என்றார். வீக்கம் வடிந்தது. வலியும் போனது. இசக்கி பயிற்சிக்குப் போகவில்லை. நேராகக் களத்துக்குப் போனாள்.

மறுபடியும் மடங்கியது. கட்டுப் போட்டு, எடுத்து, மறுபடியும் ஆடினாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மடங்கியது. பிறகு ஒரு நாள் கடைக்குள்ளேயே, மேடு பள்ளம் இல்லாத பளிங்குத் தரையில், யாரோ கூப்பிட்டார்களென்று திரும்பினாள். மடங்கியது. கைநிறையச் சேலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

களத்தில் விழுந்தபோது வராத பயம் அன்றைக்கு வந்தது.

அவள் தேடிப் போனவள் ஜெபராணி. இசக்கியைவிட இளையவள். பக்கத்து ஊர் அணியில் ஓரத்தில் நின்று பிடிப்பவள். பாடி வருகிறவள் கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததுமே எந்தக் கால் தயங்குகிறது என்று கண்டுகொள்வாள். அந்தக் காலைத்தான் பிடிப்பாள். பிள்ளை பிறந்த பிறகு ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு, செம்மணல் மேடாகக் கிடந்த தேரியின் ஓரத்தில் பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள்.

"என் காலை எத்தன தடவ பிடிச்சு இழுத்திருப்பே," என்றாள் இசக்கி. "அந்தப் பாவத்துக்கு இதச் சரிபண்ணிக் குடு."

ஜெபராணி சிரித்தாள். "வலிக்கா யக்கா?"

"இல்ல."

"வீக்கம்?"

"அதுவும் இல்ல."

"பெறகு எதச் சரிபண்ணச் சொல்லுதீய?"

"வலி இல்ல, வீக்கம் இல்ல. ஆனா மடங்குது. ஏன்னு சொல்லு. அது போதும்."

ஜெபராணி தன் செருப்பைக் கழற்றிவிட்டு, இசக்கியையும் கழற்றச் சொன்னாள்.

"இடது காலை மட்டும் ஊனி நில்லுங்க. நின்னாச்சா? கண்ணை மூடுங்க."

இசக்கி கொக்கு மாதிரி நின்றாள்.

"இப்ப வலது காலு."

இசக்கி கால் மாற்றினாள். கண்ணை மூடினாள். மூடியதுமே சாய்ந்து, ஜெபராணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"காத்து தள்ளிட்டு," என்றாள்.

"இன்னொரு தடவ."

இந்தமுறை தோள் கிடைக்கவில்லை. ஜெபராணி விலகிக்கொண்டாள். இசக்கி செம்மண்ணில் பொத்தென்று விழுந்தாள்.

"வலிச்சுதா?"

"இல்ல."

"பெறகு ஏன் விழுந்தீய?"

பளிங்குத் தரையில் விழுந்தபோது வந்த அதே பயம் இசக்கியை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

ஜெபராணி அவளை ஒரு பனைமரத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். மரத்துக்கு அரைச் சாண் முன்னால் இடது பாதத்தை வைக்கச் சொன்னாள். குதிகாலை எடுக்காமல் முட்டியை மடக்கி மரத்தைத் தொடச் சொன்னாள். முட்டி சுளுவாகத் தொட்டது. வலது பாதத்தை அதே இடத்தில் வைத்தபோது முட்டி பாதியில் நின்றுவிட்டது. கணுக்காலின் முன்பக்கத்தில் ஏதோ இடித்தது. குதிகாலைத் தூக்கினால்தான் மரம் எட்டியது.

"இதென்னளா கூத்து?" என்றாள் இசக்கி. "பக்கவாட்டுல பாத்தா லொடலொடன்னு மடங்குது. முன்னால மடக்குன்னா இறுகிப்போய் நிக்குது. ஒரே மூட்டு எப்படி இளகியும் இருக்கும், இறுகியும் இருக்கும்?"

"அதுக்கே குழப்பந்தான். எங்க காவல் நிக்கணும், எங்க வழி விடணும்னு தெரியாம நிக்கு."

"சரி, முன்னால இறுகினதப் பிடிச்சு நீவிவிட்டா இளகிரும். பக்கத்துல நாரு இளகிருக்கு. அது ஆடாம இறுக்கிக் கட்டிக்கிட்டு ஆடுறேன். பொங்கலுக்குப் போட்டி இருக்கு. போதும்லா?"

ஜெபராணி மணலில் உட்கார்ந்தாள். இசக்கியும் உட்கார்ந்தாள்.

"எங்க அப்பா ஊர்ல மீன் பிடிக்கப் போன ஒரு வல்லம் பாறையில மோதிட்டு," என்று ஜெபராணி சொல்ல ஆரம்பித்தாள். "பலகை விண்டுட்டு. ஆசாரி வந்து புதுப் பலகை வச்சுக் குடுத்தாரு. கடலுக்குப் போனாங்க. மறுபடியும் மோதிட்டு. மறுபடியும் பலகை. மறுபடியும் மோதிட்டு. வல்லத்துக்காரருக்குக் கோவம் வந்துட்டு. 'என்ன ஓய், கெட்ட பலகையா வச்சுத் தந்திருக்கீரு?'ன்னு ஆசாரிய ஏசுனாரு."

"ஆசாரி என்ன சொன்னாரு?"

"'பலகையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முத தடவ மோதுனப்ப, வல்லத்துக்கு முன்னால நின்னு பாறை பாத்துச் சொல்லுத ஆளு தண்ணியில விழுந்தாரே, அவர ஏத்துனீயளா?'ன்னு கேட்டாரு."

காற்றில் செம்மண் மெல்லப் பறந்து இசக்கியின் பாதத்தில் படிந்தது. அவள் அந்தக் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு இப்ப எங்க?" என்றாள்.

"பக்கத்துலதான் நீந்திக்கிட்டு இருக்காரு. கூப்பிட்டா வருவாரு."

"எப்படிக் கூப்பிடணும்?"

"ஒத்தக் கால்ல நில்லுங்க."

இசக்கி நின்றாள்.

அன்றிலிருந்து கடை முடிந்ததும் தேரிக்கு வந்துவிடுவாள். கபடி இல்லை. ஓட்டம் இல்லை. ஒற்றைக் காலில் நிற்பது. பனைமரத்தில் முட்டியைத் தொடுவது. பழைய சைக்கிள் டியூபைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாகத் தள்ளுவது. நுனிக்காலில் ஏறி இறங்குவது. மறுபடியும் ஒற்றைக் கால்.

"இதெல்லாம் நீயா கண்டுபிடிச்சதா?" என்று இசக்கி ஒரு நாள் எரிச்சலோடு கேட்டாள்.

"எனக்குச் சுளுக்குனப்ப பிசியோதெரபி டாக்டர் சொல்லிக்குடுத்தது. ஒங்க டாக்டரும் இதுக்குத்தான் வரச் சொல்லிருப்பாரு."

இசக்கி வாயை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள்.

நிற்கப் பழகியதும் ஜெபராணி பந்தை எறிந்தாள். ஒற்றைக் காலில் நின்றபடி பிடிக்க வேண்டும். பிடிக்கப் பழகியதும் மணல் சரிவுக்கு மாற்றினாள். சரிவில் நிற்கப் பழகியதும் கண்ணை மூடச் சொன்னாள். இசக்கி விழுந்தாள். எழுந்தாள். விழுந்தாள். கூந்தலெல்லாம் செம்மண்.

ஒரு சாயங்காலம் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் ஜெபராணி அவள் தோளில் ஒரு விரலால் தள்ளினாள். பாதத்துக்கு அடியில் மணல் சரிந்தது. கணுக்கால் வெளியே சாயத் தொடங்கியது. இசக்கி விழுவதற்குத் தயாராகக் கையை நீட்டினாள்.

விழவில்லை.

அவள் ஒன்றும் செய்யவில்லை. நினைக்கக்கூட இல்லை. அதற்குள் பாதத்தின் வெளிவிளிம்பு இறுகி மணலைப் பிடித்துக்கொண்டது. கணுக்கால் தானாகத் திரும்பி நிமிர்ந்தது. உடம்பு அதன் மேல் வந்து நின்றது.

இசக்கி கண்ணைத் திறந்தாள். வாயும் திறந்திருந்தது.

"ஏளா!"

"என்ன யக்கா?"

"வந்துட்டாரு! ஏளா, ஏறிட்டாரு! நான் கூப்பிடவே இல்ல, அவரா ஏறிட்டாரு! இன்னொரு தடவ தள்ளு! தள்ளுளா!"

ஜெபராணி தள்ளினாள். கணுக்கால் நிமிர்ந்தது. அந்தப் பக்கம் தள்ளினாள். இந்தப் பக்கம் தள்ளினாள். ஒவ்வொரு தடவையும் இசக்கி "ஏய்!" என்று கூவினாள். பனை ஏறிக் கொண்டிருந்தவர் பாதி மரத்தில் நின்று, கீழே இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டுச் சிரிப்பதை வேடிக்கை பார்த்தார்.

"அப்ப ஆடலாமா?" என்றாள் இசக்கி மூச்சு வாங்க.

"இன்னும் இல்ல."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. இசக்கியின் அணித்தலைவி சுடலைவடிவு தேரிக்கே வந்துவிட்டாள். கோபம் வந்தால் ஊர் எல்லை வரை கேட்கிற குரல் அவளுக்கு.

"ஓடுதா, குதிக்கா, பந்து பிடிக்கா. இன்னும் என்னத்துக்கு ஒத்தக் கால்ல நிப்பாட்டி வச்சிருக்கே? எதிரணிக்காரின்னு புத்தியக் காட்டுதியா? எப்ப விடுவே இவள?"

இசக்கியும் ஆமாம் என்பது போல ஜெபராணியைப் பார்த்தாள். நேராக ஓட முடிந்தது. குதிக்க முடிந்தது. ஆனால் பக்கவாட்டில் தாவச் சொன்னால், தாவுவதற்கு முன் ஒரு கணம் வலது காலைக் குனிந்து பார்த்துக்கொள்வாள். அது அவளுக்கே தெரியாது.

ஜெபராணி முன்னால் நடந்தாள். இருவரும் கூடவே நடந்தார்கள். முள்ளும் புதருமாக இருந்த இடத்தில் ஜெபராணி திடீரென்று அலறினாள்.

"யக்கா! பாம்பு! காலுக்குக் கீழ!"

இசக்கி பறந்தாள். இடது பக்கமிருந்து வலது பக்கமாக ஒரே தாவல். வலது கால் ஒற்றையாக மண்ணில் இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே மறுபடியும் எம்பி, ஒரு புதரைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். சுடலைவடிவு அதற்குள் வந்த வழியே பாதி தூரம் ஓடிவிட்டாள்.

"எங்க? எங்களா பாம்பு?"

"பாம்பு இல்ல," என்றாள் ஜெபராணி. "இப்ப ஆடலாம்."

இசக்கி தான் தாண்டிய புதரைப் பார்த்தாள். மண்ணில் ஆழமாகப் பதிந்திருந்த தன் வலது பாதத்தின் தடத்தைப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் கையில் கிடைத்த ஓலைமட்டையைத் தூக்கிக்கொண்டு ஆசானைத் துரத்தத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் ஓட முடியவில்லை.

பொங்கல் போட்டியில் இசக்கியின் அணி அரையிறுதி வரை வந்தது. அதிலும் ஜெயித்தது. அவள் துள்ளித் தாண்டும்போதெல்லாம் கூட்டம் எழுந்து நின்றது.

இறுதிப்போட்டிக்கு முந்தின நாள் ஜெபராணி அவளைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"யக்கா, நாளைக்கு நானும் வாறேன்."

"வராம இருப்பியா? முன்வரிசையில நாற்காலி போடச் சொல்லுதேன்."

"பாக்க இல்ல. ஆட. எங்க ஓரத்துக்காரிக்கு அம்மை போட்டிருக்கு. ஊர்ல கேட்டாங்க. சரின்னுட்டேன்."

இறுதிக்கு வந்திருந்த இன்னொரு அணி ஜெபராணியின் ஊர்தான். இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் காலப் பத்தி எல்லாம் தெரியுமே ஒனக்கு."

"தெரியும்."

"எனக்குப் பயமா இருக்குளா."

"எனக்கும்தான்," என்றாள் ஜெபராணி.

மறுநாள் மைதானம் கொள்ளவில்லை. லாரி மேல் ஆட்கள், மதில் மேல் ஆட்கள், வேப்பமரத்துக் கிளையிலும் ஆட்கள். ஒலிபெருக்கிக்காரர் ஆட்டம் தொடங்கும் முன்பே தொண்டை கட்டிப் பேசினார். எல்லோரையும் போல இசக்கியும் இரண்டு கணுக்காலிலும் உறை மாட்டியிருந்தாள். எதிரே ஓரத்தில் ஜெபராணி குனிந்து நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இசக்கி முதல் தடவை பாடிப் போனாள். ஒருத்தியைத் தொட்டுவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை இரண்டு பேர். கூட்டம் கத்தியது. ஜெபராணி ஓரத்திலேயே நின்றாள். பாய வேண்டிய இடத்தில் பாயவில்லை. இசக்கியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய், பிடி! என்ன கனவா காணுதே?" என்று அவள் அணிக்காரிகளே ஏசினார்கள்.

ஆட்டம் ஏறியது, இறங்கியது. ஒரு அணி ஒரு புள்ளி எடுத்தால் அடுத்த அணி ஒரு புள்ளி எடுத்தது. கடைசி நிமிடம். இசக்கியின் அணி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. கடைசியாகப் பாடிப் போகும் முறை அவர்களுடையது.

சுடலைவடிவு இசக்கியின் முதுகில் அறைந்தாள். "போ!"

இசக்கி போனாள். இடது பக்கம் சாய்ந்தாள், வலது பக்கம் வெட்டினாள். நடுவில் இருவர் கைகோத்துக்கொண்டு அவள் திரும்பும் வழியை மறித்தார்கள். இசக்கி ஓரெட்டு பின்வாங்கினாள். கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. மைதானமே மூச்சைப் பிடித்தது.

துள்ளினாள். கோத்த கைக்கு மேலே பறந்தாள். பறக்கும்போதே ஒருத்தியின் தோளையும் இன்னொருத்தியின் தலையையும் தட்டினாள். வலது காலில் இறங்கினாள். நடுக்கோடு இன்னும் ஓரெட்டுத்தான். தொட்டால் இரண்டு புள்ளி. தொட்டால் வெற்றி.

அப்போதுதான் ஜெபராணி பாய்ந்தாள்.

தரையோடு தரையாக வந்து, இறங்கிய அந்தக் கணுக்காலை இரண்டு கைகளாலும் பற்றினாள். இரக்கம் இல்லாத பிடி. பாதம் உள்பக்கமாகத் திருகியது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் "ஐயோ" என்று கத்தினாள். இசக்கி அதைக் கேட்கவில்லை. பாதம் தானே நிமிர்ந்துகொண்டது அவளுக்குத் தெரியவும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கோடு. அவள் இழுத்தாள். ஜெபராணி மண்ணில் தேய்ந்தபடி கூடவே வந்தாள். இன்னும் ஒரு சாண். மூன்று பேர் மேலே வந்து விழுந்தார்கள். கையை நீட்டினாள். விரலை நீட்டினாள். நான்கு விரற்கடை.

விசில்.

எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள். நடுவர் குனிந்து இசக்கியின் விரல் நுனியைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். கையை எதிரணிப் பக்கம் உயர்த்தினார்.

ஒரு பக்கம் வெடிச்சத்தம். இன்னொரு பக்கம் மௌனம். அந்த மௌனத்தைக் கிழித்துக்கொண்டு சுடலைவடிவு ஓடி வந்தாள்.

"நீயெல்லாம் ஒரு மனுசியா? கூடவே இருந்து சொல்லிக்குடுத்துட்டு, கடைசியில அந்தப் பழுதுக் காலையே பிடிச்சுத் திருகுதியே! அவ இனிமே எந்திச்சு நடக்க வேண்டாமா?"

ஜெபராணி மண்ணிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். முழங்கையெல்லாம் தோல் உரிந்திருந்தது.

இசக்கி எழுந்து நின்றாள். வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள். வலது காலை ஊன்றினாள். ஒரு தடவை குதித்தாள். இன்னொரு தடவை குதித்தாள். பக்கவாட்டில் தாவினாள். தோற்றவள் எதற்காக இப்படிக் குதிக்கிறாள் என்று கூட்டத்துக்கு விளங்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணில் நீரும் வந்தது.

கை கொடுத்து ஜெபராணியைத் தூக்கிவிட்டாள்.

"ஆசானே," என்றாள். இதுவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. "நீங்களே சொல்லுங்க. பழுதான காலுன்னு தெரிஞ்சுதான பிடிச்சீங்க?"

ஜெபராணி கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அதத்தான் யக்கா ஆட்டம் தொடங்குனதுலருந்து தேடிக்கிட்டு இருந்தேன். கடைசி வர கெடைக்கல. கைக்கு வந்ததப் பிடிச்சேன்."